இருட்டில் போக வேண்டிய கோடு

செம்மறிவிளை முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மறுநாள் விடிந்தபோது ஊருக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பச்சைக் கோடுகள் கிடந்தன; முதலில் பால்காரர் அதில் நெற்றியை இடித்துக்கொண்டார், அடுத்துப் பள்ளிக்கூட வேன் இடித்துக்கொண்டு நின்றது, அதற்கப்புறம் ஊரே குனிந்து நடக்கப் பழகிக்கொண்டது. கோடு என்றால் வெறும் வெளிச்சம் இல்லை. இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு மாதிரி விறைப்பாக இருந்தது, தொட்டால் காய்ச்சல்காரன் கை போலச் சுட்டது, அரிவாளால் வெட்டினால் அரிவாள்தான் மழுங்கியது.

எப்படி வந்தது என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் லேசர் ஷோவில் வந்த கோடு, ஷோ முடிந்த பிறகும் போகவில்லை, அவ்வளவுதான். கொடை முடிந்தால் பந்தலும் மறுநாள் இருக்கிறது, வாழைமரமும் இருக்கிறது, வெளிச்சம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்பதுபோல இருந்தார்கள். யாரால் வந்தது என்பதைத்தான் கேட்டார்கள். அதற்கான பதிலும் முந்தின நாளே மைக்கில் வந்துவிட்டது. கூட்டம் சத்தம் போட்டபோது சுயம்புலிங்கம் மைக்கைக் கையில் வாங்கி, ஊர் முழுக்கக் கேட்கும்படி, "பெரியவங்க பொறுத்துக்கிடணும். மெஷினைப் பாத்தது எங்க வீட்டுப் பிள்ளை. புதுசு. தெரியாமப் பண்ணிட்டா" என்று சொல்லியிருந்தார்.

அது பொய். அந்தப் பொய்யில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

சுயம்புலிங்கம் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். குழாய் ஸ்பீக்கரைப் பனைமரத்து உச்சியில் கட்டிய காலத்திலிருந்து விசேஷங்களுக்கு ரேடியோ செட் வாடகைக்கு விடுபவர். அவருக்கு எழுத வராதே தவிர மறக்கவும் வராது. எவன் எந்த வருஷம் எந்தப் பந்தியில் தன் இலைக்குப் பாயசம் விடாமல் தாண்டிப் போனான், எவன் தன் ஆம்ப்ளிபயரைப் பார்த்து 'பழைய சாமான்' என்று சொன்னான், எவன் தெருவில் எதிரே வந்தும் சைக்கிளை விட்டு இறங்கவில்லை என்பதெல்லாம் அவருக்குள் தூசி படியாமல் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, நடுநாயகமாக, தங்கச்சி வீட்டுக்காரன் தங்கப்பழம் செய்தது இருந்தது.

தங்கப்பழத்தின் மூத்த மகள் பெரியவளான சடங்குக்குத் தாய்மாமன் என்ற முறையில் சுயம்புலிங்கம் கோயிலில் இருந்து இருபத்தொரு தட்டு சீர் சுமந்துகொண்டு, வேட்டி மொடமொடக்க, தெருவை அடைத்துக்கொண்டு வந்தார். பந்தலை நெருங்கியபோது ஒரு பாட்டுச் சத்தம் கேட்டது. அது அவருடைய செட் இல்லை. பக்கத்து ஊர்க்காரன் செட். சொந்தத் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு, தாய்மாமன் ரேடியோ செட் வைத்திருக்கும்போது, வெளியூர்க்காரன் குழாய் பந்தல்காலில் இருந்து அவரைப் பார்த்துப் பாடியது. சீரை இறக்கி வைத்தார், பிள்ளையின் தலையில் பூ வைத்தார், இலையில் உட்காராமல் வந்துவிட்டார். அந்தப் பிள்ளைக்கு இப்போது பிள்ளை இருக்கிறது. சுயம்புலிங்கம் தங்கப்பழத்தின் வீட்டு வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை.

இந்த வருஷம் அதே தங்கப்பழம் அம்மனைத் தூக்கி ஊர்சுற்றக் கோயிலுக்குப் புதுச் சப்பரம் செய்து கொடுத்தார். சுயம்புலிங்கத்தின் மகன் மஸ்கட்டிலிருந்து லேசர் மெஷின் ஒன்று அனுப்பியிருந்தான். கொடைக் கமிட்டி கூடி, "திரையில அம்மன் முகம் வரட்டும், அடுத்தாப்புல சப்பரம் செஞ்ச தங்கப்பழம் அண்ணாச்சி முகம் வரட்டும்" என்று முடிவு செய்தது. சுயம்புலிங்கம் சரி என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்து ஒருவேளை சாப்பாட்டை வேண்டாம் என்று சொன்னார்.

மெஷினை ஓட்டியது மருமகள் பிரம்மசக்தி. கல்யாணமாகி வந்தபோதே கம்ப்யூட்டர் படித்திருந்தவள்; புருஷன் போனில் சொல்லச் சொல்ல லேசர் வேலையையும் பிடித்துக்கொண்டாள். வீட்டின் பின்கட்டு அறையில் மேஜை போட்டு, நாகர்கோவில் ஓவியர் அனுப்பிய படங்களை மெஷினுக்குப் புரிகிற ஃபைலாக மாற்றிக்கொண்டிருந்தாள். ஓவியரின் ஃபைல் ஒரு ஜாதி, மெஷினின் ஃபைல் வேறு ஜாதி. மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கெட்டது. முதல் தடவை அம்மன் தலைகீழாக வந்தாள். அதைச் சரிசெய்தால் சிவப்புப் பொட்டு நீலமாகப் போனது. அதைச் சரிசெய்தால் படம் வெடவெடவென்று நடுங்கியது.

"புள்ளி கூடிப்போச்சு மாமா. இவ்வளவு புள்ளியையும் மெஷினால ஓடி முடிக்க முடியல. மூக்குத்திக்கு மட்டும் முந்நூறு புள்ளி வச்சிருக்காரு அந்த மனுஷன். அம்மனுக்குக் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி இருக்கு" என்றாள்.

"குறைச்சிப் பாரு. மூக்குத்தி போயிரக்கூடாது."

"மூக்குத்தி போனா அம்மன் என்னையத்தான் கேப்பா."

அவள் புள்ளிகளைக் குறைத்தாள். அம்மன் நிலைக்கு வந்தாள். வலது மூக்கில் மூக்குத்தி மின்னியது. பின்னால் நின்று பார்த்த சுயம்புலிங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் அவள் திரையில் ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினாள்.

"இதுதான் மாமா முக்கியம். மெஷினுக்கு இருக்கிறது ஒரே ஒரு பொட்டு வெளிச்சம். அதுதான் ஓடி ஓடி வரையுது. கண்ணை முடிச்சிட்டு மூக்குக்குத் தாவணும்னா, தாவுற நேரம் வெளிச்சத்தை அணைச்சிக்கிட்டு இருட்டுல போகணும். எங்க எங்க இருட்டுன்னு ஃபைல்ல இருக்கு. மாத்தும்போது இந்தக் கட்டத்துல டிக் இருந்தாத்தான் அது கூட வரும். டிக் போச்சு, தாவுறதெல்லாம் கோடாத் தெரியும். மூஞ்சி முழுக்கக் கிறுக்குன மாதிரி ஆயிரும்."

"அப்படியா" என்றார் சுயம்புலிங்கம். அந்தக் கட்டத்தை அவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

கொடையன்று மத்தியானம் பிரம்மசக்தி பொங்கல் வைக்கக் கோயிலுக்குப் போனாள். வீட்டில் யாரும் இல்லை. சுயம்புலிங்கம் பின்கட்டு அறைக்குள் போனார், நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே குனிந்து, தங்கப்பழத்தின் படத்தைத் திறந்து, அந்த டிக்கை எடுத்துவிட்டு, அவள் ஆயிரம் தடவை அழுத்தியதைப் பின்னால் நின்று பார்த்திருந்த அதே பட்டனை அழுத்தினார். ஊர் சிரிக்கட்டும், ஒரு சாயங்காலம் சிரிக்கட்டும், அதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்றுதான் நினைத்தார்.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் வெள்ளைத் திரையில் அம்மன் எழுந்தாள். பெண்கள் குலவை போட்டார்கள். அவள் மறைந்து தங்கப்பழம் வந்தார். மீசையிலிருந்து காதுக்கு ஒரு கோடு, காதிலிருந்து கண்ணுக்கு ஒரு கோடு, கண்ணிலிருந்து வாய்க்கு ஒரு கோடு என்று சிலந்தி வலைக்குள் மாட்டிய பூச்சி மாதிரி வந்தார். முன்வரிசையில் பட்டுத் துண்டோடு உட்கார்ந்திருந்த நிஜத் தங்கப்பழம் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் கொஞ்சம் சிரித்தார். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் கோடுகள் திரையோடு நிற்கவில்லை. துணியின் விளிம்பைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, தெருத்தெருவாக, வீடுவீடாக ஓடின. பிரம்மசக்தி மெஷினை அணைத்தாள். கோடுகள் அணையவில்லை. அவள் அணைத்த மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் சுயம்புலிங்கம் மைக்கை வாங்கினார்.

மறுநாள் மின்வாரியத்துக்காரர் வந்து கோட்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்து, இதில் கரண்ட் இல்லை, ஆகவே இது தன் பொறுப்பில் வராது என்று சொல்லிவிட்டுக் கருப்பட்டிக் காபி குடித்துவிட்டுப் போனார். பூசாரி கோயில் எல்லைக்குள் இருந்த கோடுகளுக்கு மஞ்சள் தடவினார். மரங்கொத்திகள் உட்காரவில்லை, மைனாக்கள் உட்கார்ந்தன. பெண்கள் துவைத்த துணியைப் போட்டுப் பார்த்தார்கள், போட்ட மாத்திரத்தில் காய்ந்தது; அதனால் கோடு போகாத வீட்டுக்காரர்கள் கோடு போகிற வீட்டுக்காரர்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டார்கள். அந்தப் பொறாமை ஒரு நாள்தான் இருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு முனை உண்டு என்பதையும், அது ஏன் இந்த வீட்டில் தொடங்கி அந்த வீட்டில் முடிகிறது என்பதையும் ஊர் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டது.

ஓரகத்திகள் இரண்டு பேர் அடுப்பங்கரையிலிருந்து அடுப்பங்கரைக்குக் கோடு. ஒருத்தி, எப்போதோ தொலைந்துபோன அடைக்கோழியைத் தன் வீட்டுக் குழம்பில் தான் போட்டதைச் சொன்னாள். மற்றவள், "எனக்கு அன்னைக்கே வாசம் வந்துச்சுக்கா" என்றாள். வளையலைத் தரையில் வைத்ததுபோல 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம். கோடு அணைந்துவிட்டது. டீக்கடைக்காரரும் தபால்காரரும் பொங்கலுக்கு முன்னால் பேசியிருக்க வேண்டியதை இப்போது பேசினார்கள். டிங். மினிபஸ்ஸின் முன்கண்ணாடியிலிருந்து தையற்கடை ஜன்னலுக்குப் போன கோடு மட்டும், பஸ் போகப் போக நீண்டு, வர வரச் சுருங்கி, ட்ரிப்புக்கு ட்ரிப் ஊரைக் கடந்துகொண்டே இருந்தது. கடைசியில் தையற்கடைப் பெண்ணின் அப்பா கண்டக்டரைப் பார்த்து, "ஏ தம்பி, ஒண்ணு வண்டிய நிப்பாட்டு, இல்ல வாயத் திற" என்றார். கண்டக்டர் வாயைத் திறந்தார். டிங்.

தெருக்களில் ஜனங்கள் ஒருவர் வீட்டு வாசலில் ஒருவர் தயங்கி நிற்பதும், உள்ளே போவதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதுமாக இருந்தது. நாளாக ஆகக் குனிகிற இடங்கள் குறைந்தன. ஆனாலும் யாரும் பிரம்மசக்தியை விடவில்லை. அவள் தண்ணீர்க் குழாய்க்குப் போனால், "மெஷினைத் தெரிஞ்சவன்கிட்டக் குடுத்திருக்கணும்" என்று அவள் காது கேட்கப் பேசினார்கள். எட்டாம் நாள் சப்பரத்தன்று இரண்டாவது ஷோ இருந்தது. அதற்கு வேறு ஊரிலிருந்து ஆள் கூப்பிடப் போவதாகக் கமிட்டி சொல்லி அனுப்பியது. மஸ்கட்டிலிருந்து புருஷன்கூடப் போனில், "ஒரு டிக்கைப் பாக்க முடியலையா உனக்கு" என்று கத்தினது சுவரைத் தாண்டிக் கேட்டது.

அவள் சோறாக்கி வைத்துவிட்டுப் பின்கட்டு அறைக்குள் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொள்வாள். கதவு லேசாகத் திறந்திருக்கும். உள்ளே மவுஸ் சத்தம் கேட்டால் சுயம்புலிங்கத்துக்குச் சோறு இறங்காது, கேட்காவிட்டாலும் இறங்காது. பாவம், இல்லாத தப்பைத் தேடுகிறாள், டிக்கை எடுத்தவன் இங்கே உட்கார்ந்து ரசத்தைப் பிசைந்துகொண்டிருக்கிறான் என்று நினைப்பார். நினைத்துவிட்டு, கை கழுவிவிட்டு, வாசல் பக்கமாகப் போய்விடுவார். அந்த அறைக்குள் அவர் அந்த வாரம் முழுக்கக் கால் வைக்கவில்லை. இத்தனை வருஷமும் மற்றவர்கள் தனக்குச் செய்ததை எண்ணி எண்ணி வைத்திருந்த மனசுக்கு, தான் செய்தது ஒன்றை வைக்க இடம் தெரியவில்லை.

கொடை முடிந்து எட்டாம் நாள், எட்டாம் கொடை வந்தது. சப்பரம் புறப்பட வேண்டிய நாள். அன்றைக்கு ஊரில் ஒரே ஒரு கோடுதான் மிச்சம் இருந்தது. அது சுயம்புலிங்கத்தின் வீட்டு முன் ஜன்னலில் தொடங்கி, சப்பரத் தெருவை ஆள் நெஞ்சு உயரத்தில் கடந்து, எதிர்வரிசையில் தங்கப்பழத்தின் வீட்டுக்குள் போனது. மற்றவர்கள் குனிந்து போய்விடலாம். அம்மன் குனிவாளா?

கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். யாரும் கோபமாகப் பேசவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "அண்ணாச்சி, உங்க வருமம் ஊருக்கே தெரிஞ்சதுதான். இன்னைக்கு ஒரு நாள் அம்மனுக்காக அந்த வீட்டுப் படி ஏறிட்டு வந்திருங்க" என்றார் ஒருவர். பின்னாலிருந்து இன்னொருவர் மெதுவாக, "பாயசம் வேணும்னாலும் வைக்கச் சொல்லுதோம்" என்றார்.

சுயம்புலிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு, தன் கோட்டின் ஓரமாகவே தெருவைக் கடந்து, அந்தப் படியில் ஏறினார்.

தங்கப்பழம் நடுவீட்டில் கோட்டுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து நிற்கப் போய்த் தலையை இடித்துக்கொண்டார். "வாங்க மச்சான்" என்றார், ஏதோ நேற்றுத்தான் வந்து போனவரைக் கூப்பிடுவதுபோல.

"அன்னைக்கு ஏன் மாப்பிள வெளியூர்க்காரன் செட்டை வச்சீரு?" சுயம்புலிங்கம் உட்காராமலே கேட்டார். வேறு பேச்சு அவருக்கு வரவில்லை.

தங்கப்பழம் இடித்த தலையைத் தடவிக்கொண்டார். "இதைக் கேக்கவா இவ்வளவு நாளு? ஓய், நீரு தாய்மாமன். சீரோட வரணும், மணையில உக்காரணும், மாலை வாங்கணும். உம்ம செட்டை வச்சிருந்தா பந்தல்ல வயரைச் சுத்திக்கிட்டு, 'ஹலோ ஹலோ'ன்னு ஏணி மேலல்லா நின்னிருப்பீரு. அன்னைக்கு ஒரு நாள் நீரு வேலைக்காரனா நிக்கக்கூடாதுன்னுதான் வெளியூர்க்காரனைக் கூப்பிட்டேன். சொல்ல வந்தேன். நீரு இலையில உக்காராமப் போயிட்டீரு."

சுயம்புலிங்கத்துக்கு, இத்தனை வருஷமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த சாமான் தன்னுடையதே இல்லை என்று தெரிந்ததுபோல இருந்தது. அவர் கோட்டைப் பார்த்தார். எல்லாரும் வாசலிலிருந்து கோட்டைப் பார்த்தார்கள். அது அணையவில்லை. முன்னைவிடப் பச்சையாக இருந்தது.

உள்ளேயிருந்து தங்கச்சி பாக்கியக்கனி காபியோடு வந்தாள்; டம்ளர் சிந்தாமல் கோட்டுக்குக் கீழே குனிந்து வரும் பழக்கம் அவளுக்கு அந்த வாரத்தில் வந்திருந்தது.

"அணையாது அண்ணே" என்றாள். "உமக்கும் இவருக்கும் உள்ளதுதான் ஊருக்கே தெரியுமே. தெரிஞ்சதுக்கு எதுக்குக் கோடு? இது எங்க வீட்டுக்கு வந்ததில்ல. எங்க வீட்டு வழியாப் போகுது. வழிவிட்டு வழிவிட்டு என் இடுப்பு போச்சு. அந்தச் சுவருக்குள்ள போயி, பின்னால முள்ளுக்காட்டு வழியா எங்கயோ வளைஞ்சி போகுது. யாரு முள்ளுல இறங்கிப் பாக்க?"

காபியைக் குடிக்காமல் சுயம்புலிங்கம் பின்வாசல் வழியாக இறங்கினார். உடைமரத்து முள்ளுக்குள், வேட்டி கிழிய, கோட்டைக் கையால் பிடித்துக்கொண்டே போனார். உள்ளங்கை சுட்டது, விடவில்லை. கோடு முள்ளுக்காட்டைச் சுற்றி, ஓடையில் இறங்கி ஏறி, சப்பரத் தெருவின் கோடியைத் தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் தாண்டி, பனங்கூட்டத்துக்குள் புகுந்து, ஒரு வீட்டின் பின்பக்கமாக இறங்கியது. அந்த வீட்டின் பின்சுவரில் அவரே கட்டிய பழைய குழாய் ஸ்பீக்கர் தொங்கியது. கோடு பின்கட்டு ஜன்னலுக்குள் நுழைந்தது.

பிரம்மசக்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கோடு மேஜைக்கு மேலே வந்து, அவள் கை வைத்திருந்த மவுஸில் முடிந்திருந்தது. கோட்டின் மேலே, வெளிச்சம் கதவுப் பக்கம் தெரியாமல், ஒரு துண்டைப் போட்டு வைத்திருந்தாள், துண்டு கருகாமல் பச்சையாக ஒளிர்ந்தது. கம்ப்யூட்டரில் தங்கப்பழத்தின் முகம் ஒரு கிறுக்கல் இல்லாமல் இருந்தது.

சுயம்புலிங்கம் வாசற்படியில் நின்றார். கால் முள்ளெல்லாம் அப்போதுதான் வலிக்கத் தொடங்கியது.

"அந்த டிக்கு..." என்றார்.

"முதல் நாளே பாத்துட்டேன் மாமா" என்றாள் அவள், திரும்பாமல். "ஃபைலை எத்தனை மணிக்கு மாத்தினதுன்னு அதுலயே இருக்கும். அந்த நேரம் நான் கோயில்ல அடுப்பு ஊதிக்கிட்டு இருந்தேன். வீட்டுல நீங்க மட்டுந்தான்."

"அப்புறம் ஏன் தாயி ஒரு வாரமா உக்காந்து தேடிக்கிட்டு இருந்தே?"

"எங்க தேடினேன்? நீங்க வருவீங்கன்னு உக்காந்திருந்தேன்."

கோடு இருவருக்கும் நடுவில் அசையாமல் நின்றது. அவர் மன்னிப்புக் கேட்கிற வார்த்தையைத் தேடிப் பார்த்தார். அதை அவர் யாரிடமும் எப்போதும் பயன்படுத்தியதில்லை, எந்த மூலையில் கிடக்கிறதென்று தெரியவில்லை. ஒருவழியாக, "என்னைய மன்னிச்சிரும்மா" என்றார்.

கோடு அணையவில்லை.

பிரம்மசக்தி இப்போது திரும்பினாள். கோபம் இல்லை அவள் முகத்தில், சலிப்புத்தான் இருந்தது. "எங்கிட்டச் சொல்லி என்ன மாமா ஆகப்போகுது. எனக்குத்தான் தெரியுமே. 'பிள்ளை புதுசு'ன்னு நீங்க மைக்குலல்லா சொன்னீங்க."

வெளியே மேளம் நின்றிருந்தது. சப்பரம் கோட்டுக்கு முன்னால் வந்து, சுமந்தவர்கள் தோள் மாற்றி நின்றார்கள். அம்மனின் மாலைக்கும் கோட்டுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. சுயம்புலிங்கம் கிழிந்த வேட்டியோடு, காலில் ரத்தத்தோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தன் சொந்த மைக்கின் முன்னால் நின்றார். நாற்பது வருஷமாக அவர் அதில் பேசியிருக்கிறார். காணாமல் போன பிள்ளைகளின் பெயரைச் சொல்லியிருக்கிறார், காணிக்கை கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லியிருக்கிறார், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பழக்கத்தில் விரலால் தட்டி, "ஹலோ, ஹலோ" என்றார். ஊர் முழுக்க எல்லாக் குழாய்களிலும் அந்தத் தட்டல் கேட்டது.

"அன்னைக்குப் பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. அவ சரியாத்தான் செஞ்சி வச்சிருந்தா. அவ கோயிலுக்குப் போன நேரம் பாத்து, தங்கப்பழத்தைப் பாத்து ஊரு சிரிக்கணும்னு, நான்தான் உள்ள போயி அதைக் கெடுத்தேன். கெடுத்துட்டு இதே மைக்குல அவளைச் சொன்னேன்." அதற்கப்புறம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மைக்கைத் தாங்குகம்பியில் வைக்கப் போனவர் மறுபடி எடுத்து, "அவ பேரு பிரம்மசக்தி" என்றார்.

டிங் என்ற சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அதற்குள் மேளக்காரர் அடிக்கத் தொடங்கிவிட்டார். கோடு இருந்த இடத்தில் வெறும் சாயங்காலம் இருந்தது. சப்பரம் நிமிர்ந்தபடி கடந்து போனது. அவரை யாரும் திட்டவில்லை, யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. அவர் செய்யக்கூடியவர்தான் என்று ஊர் முன்பே எங்கோ நினைத்து வைத்திருந்ததுபோல, கொஞ்சம் ஒதுங்கி அவருக்கு வழி மட்டும் விட்டார்கள். இருட்டியதும் திரையில் தங்கப்பழம் வந்தார். மீசை மீசையாக இருந்தது, கண் கண்ணாக இருந்தது, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் நல்ல கறுப்பு இருட்டு இருந்தது. மெஷினுக்குப் பின்னால் பிரம்மசக்தி நின்றாள். வெளியூர் ஆள் யாரும் வரவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் தார் போட்டார்கள், விளக்குக் கம்பம் நட்டார்கள், கோடுகளைப் பார்த்தறியாத மருமக்களும் பேரப்பிள்ளைகளும் ஊருக்குள் வந்து சேர்ந்தார்கள். சப்பரத் தெருவில் ஒன்றுமே இல்லாத ஒரு இடத்தில் வந்ததும் சுயம்புலிங்கம் மட்டும் தலையைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, குனிந்து கடந்து போவார். பெரியவருக்கு இடுப்பு வலி போல என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சில நாள் எதிரே பிரம்மசக்தி வருவாள். மாமனார் குனிந்து கடந்து முடிக்கும்வரை அந்தப் பக்கம் நிற்பாள்.